அத்தை உட்கார்ந்த இடத்தில் ஒரு கிளி

எங்கள் வீட்டுப் போர்வையை வாஷிங் மெஷினில் போட்டுவிடவா என்று என் மகள் கேட்டாள். கேட்டது நல்ல மனசோடுதான். ஆனால் எனக்கு வந்ததே கோபம், சாயங்காலம் காபி போடுகிற வரைக்கும் அவள் முகத்தையே பார்க்கவில்லை. மெஷினாம் மெஷின்! கையால் கொஞ்சம் அழுத்தி அலசினாலே நூல் நூலாய்ப் பிரிந்துபோகிற சாமான் அது. போதாததற்கு, அதில் ஒரு திருட்டுச் சொத்து வேறு இருக்கிறது. அதைப் போய்ச் சோப்புத் தண்ணீரில் சுற்றவிட எனக்கு மனசு வருமா?

"திருட்டுச் சொத்தா? நம்ம வீட்லயா?" என்றாள் மகள். "நம்மளது நாணயமான குடும்பம்னு சொல்லிச் சொல்லித்தானே என்னைய வளத்த!"

"நாணயமான குடும்பம்தான். ஒரே ஒரு தடவை திருடினோம். அதை உருப்படியாத் திருடினோம்" என்றேன்.

அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நடுவில் நடுவில் அவள் கேள்வி கேட்டுக் கெடுத்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

நீடாமங்கலத்தில் ரயில் கூவினால் கேட்கிற தூரத்தில் எங்கள் தெரு. சுற்றிலும் நெல். வயல் மிராசுதாருடையது, வரப்பு அவருடையது, வாய்க்கால் மேட்டில் நாங்கள் குடிசை போட்டிருந்த மண்ணும் அவருடையது. எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள மூங்கிலும் கீற்றும்தான். அவர் போ என்றால் கூரையைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இந்த நிலைமையில் இருந்துகொண்டு எந்தத் தைரியத்தில் கூலி உயர்வு கேட்டு வரப்பில் சிவப்புக் கொடி நட்டார்களோ, இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். அப்படி நட்டவர்களில் முதல் ஆள் என் அப்பா. சாதாரணமாக வாயைத் திறக்க மாட்டார். கையில் கொடியைக் கொடுத்துவிட்டால் மூட மாட்டார்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா. அத்தை கல்யாணமாகிப் போன வேகத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். மிராசுதார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுவது அவள் வேலை. மாட்டை அவள் அதட்டுகிற அதட்டலில் மிராசுதாரே எழுந்து நின்றுவிடுவார் என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அம்மா நேர்மாறு. பேச்சுக் கம்மி, சிரிப்பு அதைவிடக் கம்மி. "அது வாயில்லாப் பூச்சி" என்பார்கள் தெருவில். அந்தப் பேரை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

போர்வை என்றதும் கடைப் போர்வையை நினைத்துக்கொள்ளாதீர்கள். கிழிந்த சேலை, கிழிந்த வேட்டி எல்லாவற்றையும் அடுக்கி, மேலேயும் கீழேயும் கொஞ்சம் பார்வையான துணியாகப் போட்டு, கோணி ஊசியால் குத்திக் குத்தித் தைத்தது. மேல்துணி நைந்தால் அதன் மேல் இன்னொன்று. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை பிறந்தாலும், பெண் கல்யாணமாகி வந்தாலும், யாராவது செத்துப்போனாலும் அவர்கள் துணியில் ஒரு துண்டு அதில் ஏறிவிடும். மார்கழிப் பனியில் நாங்கள் எல்லோரும் அதற்குள் சுருண்டுகொள்வோம். செத்தவர்கள், இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே போர்வையில் படுத்திருக்கிறோம் என்று அத்தை சொல்லும்போது நான் காலை வெளியே இழுத்துக்கொள்வேன்.

பொங்கலுக்குப் பொங்கல் மிராசுதார் வீட்டில் ஆளுக்கு ஒரு துணி கொடுப்பார்கள். எல்லாம் ஒரே பீஸிலிருந்து கிழித்தது. ஒரு வருஷம் தெருவே பச்சைக் கட்டம், மறுவருஷம் தெருவே காவிக் கோடு. நடவு நேரத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பொம்பளை பத்து இடத்தில் குனிந்து நிற்கிற மாதிரி இருக்கும். அந்தத் துணிகளும் நைந்தபின் வரிசையாகப் போர்வைக்கு வந்து சேர்ந்தன.

கட்சிகளும் வந்து சேர்ந்தன. அப்பாவின் கொடி வெயிலில் வெளுத்துக் கிழிந்தபோது அம்மா அதைக் கால்மாட்டில் ஒரு மூலையில் தைத்தாள். அடுத்த மாதமே அம்மாவின் அண்ணன், என் மாமா, வந்து பார்த்துவிட்டுக் கொதித்துப்போனார். அவர் ஆட்சியைப் பிடித்த கட்சி. கறுப்பு சிவப்புக் கரை வேட்டி இல்லாமல் வாய்க்காலுக்குக்கூடப் போக மாட்டார். "எங்க ஆட்சியில இருந்துக்கிட்டு எங்களுக்கு எடமில்லையா?" என்று சண்டை. அம்மா ஒன்றும் பேசவில்லை. அவருடைய பழைய வேட்டிக் கரையை வாங்கி மறுமூலையில் தைத்தாள். பிற்பாடு அந்தக் கட்சி உடைந்து, மாமா நடுவில் வெள்ளை வைத்த கரைக்கு மாறி வந்து நின்றார். அதற்கும் அம்மா ஒன்றும் பேசவில்லை. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு வெள்ளைத் துண்டை வைத்துத் தைத்துவிட்டு, "போதுமாண்ணே?" என்றாள். தலைமாட்டில் மட்டும் எந்தக் கட்சியையும் அவள் அனுமதித்தது கிடையாது.

இப்போது கிளி விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு விவரம் தெரிந்த நாளில் போர்வையின் நடுவில் ஒரு இடம் நைந்து, உள்ளேயிருந்து பச்சையாய் ஏதோ எட்டிப் பார்த்தது. விரலை விட்டுத் தோண்டினேன். ரோஸ் நிறத் துணி, அதில் ஒரு பச்சைக் கிளி, சிவப்பு மூக்கு. எங்கள் போர்வையில் இருந்த அத்தனை அழுக்குத் துணிக்கும் நடுவில் அது மட்டும் சாயம் போகாமல் பளிச்சென்று இருந்தது. "அம்மா, கிளி!" என்று கத்தினேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அத்தை என் வாயைப் பொத்தினாள். அம்மா உடனே ஊசியை எடுத்து, கிளியின் மேல் ஒரு பழைய ரவிக்கைத் துண்டை வைத்து மூடிவிட்டாள். "வெளியில சொன்னியோ, நாக்கை அறுத்துடுவேன்" என்றாள் அத்தை. அறுக்கக்கூடியவள்தான். நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லக் கூடாது என்பது தெருவில் மற்றவர்கள் பேசியதிலிருந்து எனக்கே விளங்கியது. நான் பிறப்பதற்கு முந்தின வாரம் மிராசுதாரின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். பந்தலின் கீற்றுத் தெரியாமல் உள்பக்கம் கட்டுவதற்கு, ரோஸ் நிறத்தில் கிளி போட்ட மேற்கட்டித் துணியைக் கும்பகோணத்திலிருந்து வாங்கி வந்தார் காரியக்காரர். காரியக்காரர் என்றால் மிராசுதாரின் வரவு செலவு, வயல் வேலை எல்லாவற்றையும் கவனிக்கிறவர். எங்கள் ஆட்களுக்குக் கல்யாணத்தில் பந்தல் வாசல் வரைதான். இலை எடுக்கலாம், பெருக்கலாம், பந்தலைப் பிரிக்கலாம், உள்ளே போய் உட்காரக் கூடாது. கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்தபோது கிளித் துணியில் ஒரு நீளத்தைக் காணவில்லை. காரியக்காரரே சுருட்டிவிட்டார் என்று மிராசுதார் வீட்டம்மா பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டாராம். மனுஷன் அவமானத்தில் துடித்துப்போய் எங்கள் தெருமுனை மாரியம்மன் கோயிலுக்கு வந்து, பெண்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருத்தியையும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். நிறைமாதக்காரியைச் சத்தியத்துக்கு இழுப்பது ஆகாது என்று அம்மாவை மட்டும் விட்டுவிட்டார்கள். அத்தை உட்பட மீதி எல்லோரும் அணைத்தார்கள். துணி கிடைக்கவில்லை.

கிடைக்காத துணி எங்கள் போர்வைக்குள் இருந்தது. யார் வேலை என்று நான் கேட்கவே இல்லை. அந்த வீட்டில் அந்தத் துணிச்சல் யாருக்கு உண்டு என்று எனக்குத் தெரியாதா? சூடத்தை அணைத்துப் பொய்ச் சத்தியம் பண்ணிய அத்தையை நான் பயமும் பெருமையுமாகப் பார்த்துக்கொண்டு வளர்ந்தேன்.

நான் தாவணி போட ஆரம்பித்த காலத்தில் சட்டம் வந்தது. மிராசு மண்ணில் குடிசை போட்டுக் குடியிருக்கிறவனுக்கே அந்த மனை சொந்தம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. தெருவே தலைகால் புரியாமல் ஆடியது. கொடி பிடித்ததால் வந்தது என்றார் அப்பா. ஓட்டுப் போட்டதால் வந்தது என்றார் மாமா. யாரால் வந்தால் என்ன, விசாரிக்க ஆபீசிலிருந்து ஆர்.ஐ. வருகிறார் என்று தண்டோராக்காரர் சொல்லிவிட்டுப் போனார். ஆர்.ஐ. என்றால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர்.

இந்த இடத்தில்தான் என் அப்பா தன் வாழ்நாளிலேயே பெரிய முட்டாள்தனத்தைப் பண்ணினார்.

"ஒரு ஆபீசர் நம்ம தெருவுக்குள்ள கால வைக்கிறது இதான் மொதத் தடவ. வந்து பாத்தா அசந்து போகணும்" என்றார். தெருவே தலையாட்டியது. பழைய கூரையைப் பிரித்து எறிந்துவிட்டுப் புதுக் கீற்று வேய்ந்தார்கள். சுவருக்கெல்லாம் புதுமண் பூச்சு. கரி பிடித்த பானைகளை உடைத்துக் குப்பையில் கொட்டிவிட்டுப் புதுப் பானை வாங்கி வைத்தார்கள். பழைய அம்மியைக்கூட அப்பா ஆள் கூப்பிட்டுக் கொத்த வைத்தார். அது நேற்றுத்தான் மலையிலிருந்து வந்தது மாதிரி மினுமினுத்தது. ஆர்.ஐ. வந்த காலையில் எங்கள் தெரு முந்தின நாள் முளைத்த தெருவாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

ஆர்.ஐ. சின்ன வயசுக்காரர், மூக்குக் கண்ணாடி, வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். கூடவே காரியக்காரர். தெருமுனையிலேயே நின்றுகொண்டார், அதற்கு மேல் உள்ளே வருவது அவருக்கு வழக்கமில்லை. அங்கிருந்தே ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணும் சொல்ல வேணாம் சார், நீங்களே பாருங்க. கீத்துல பச்சை இன்னும் காயல. சீர்காழிப் பக்கத்துலேருந்து வந்தவங்க சார் இவங்க. சட்டம் வந்தது தெரிஞ்சதும் ஓடியாந்து குடிசை போட்டிருக்காங்க. எங்க ஆளுங்களே இல்ல."

ஆர்.ஐ. எங்கள் சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் மண் ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்னங்க, சுவர் ஈரமா இருக்கு?"

"உங்களுக்காகப் பூசினது சார்" என்றார் அப்பா.

"எனக்காகவா?"

"ஒரு மரியாதைக்கு சார்!"

காரியக்காரர் சிரித்தார். ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்டார் ஆர்.ஐ. இருந்தது. அதில் முகவரி என்ற இடத்தில் மிராசுதாரின் பண்ணை என்று போட்டிருந்தது. "எங்களுக்கு நாலு ஊர்ல பண்ணை இருக்கு சார். இவங்க எந்தப் பண்ணையோ!" என்றார் காரியக்காரர். சரி, வீட்டில் பழசாக ஏதாவது இருக்கிறதா, பானை, சட்டி, பெட்டி, எது இருந்தாலும் காட்டுங்கள் என்றார் ஆர்.ஐ. அப்பா உள்ளே ஓடினார். பழசை எல்லாம்தான் அவரே குப்பையில் கொட்டிவிட்டாரே! புதுப் பானைகள் அவரைப் பார்த்துப் பல்லிளித்தன. பரணில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. ஆபீசர் கண்ணில் பட்டால் கேவலம் என்று மறைத்து வைத்த போர்வை.

"இதப் பாருங்க சார்!" என்று அப்பா அதை இழுத்து வந்து வாசலில் உதறி விரித்தார்.

அவர் இழுத்த இழுப்பில் ரவிக்கைத் துண்டு பிய்ந்து தொங்கியது. கிளி வெளியே வந்து ஊரைப் பார்த்தது. அப்பாவுக்கு அந்தக் கிளியைப் பற்றி ஒரு இழவும் தெரியாது, போர்வை தைக்கிற விவகாரத்தில் அவர் என்றைக்குத் தலையிட்டார்? பார்த்தது அம்மா, அத்தை, நான். அம்மா முகம் வெளுத்துப்போனது. அத்தை தலையில் கை வைத்து, "அய்யோ, மயக்கமா வருதே!" என்று தள்ளாடியபடி வந்து, குறி தவறாமல் கிளியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அப்பா விளக்க ஆரம்பித்தார். இது பச்சைக் கட்டம், மிராசு வீட்டில் பொங்கலுக்குக் கொடுத்தது. இது காவிக் கோடு, அடுத்த பொங்கல். இது ஊதாப் பூ, அதற்கடுத்தது. தெருப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்று கூடிவிட்டார்கள். ஆர்.ஐ. சுவாரசியமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நகர்ந்து அத்தையிடம் வந்தார்.

"அம்மா, கொஞ்சம் நகருங்க. அந்தப் பக்கமும் பாத்துடறேன்."

"நகர முடியாது சார். கால் மரத்துப்போச்சு."

"மயக்கம்னு சொன்னீங்க?"

"மயக்கந்தான் சார், காலுக்கு எறங்கிடுச்சு."

ஆர்.ஐ. நிமிர்ந்தார். "துணிதானே சார்? எவன் வேணா எந்தச் சந்தையில வேணா வாங்கிக்கலாம்" என்றார் காரியக்காரர். ஆர்.ஐ.யும் பேனாவை மூடினார். "அவர் சொல்றதும் சரிதாங்க. கிழிஞ்ச துணியையெல்லாம் ஆதாரம்னு எழுதினா மேல சிரிப்பாங்க. வேற ஏதாவது கிடைச்சா ஆபீஸ் பக்கம் வாங்க, பாக்கலாம்."

ஆபீஸ் பக்கம் வாங்க என்றால் காரியம் ஆகாது என்று அர்த்தம், அது எங்கள் தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும். அப்பா அப்படியே நின்றார். கொடி நட்டதற்காகப் போலீஸ் அடித்தபோதுகூட அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. தன் கையாலேயே தன் வீட்டைப் புதுசாக்கித் தொலைத்துவிட்டோமே என்று அந்த மனுஷனுக்கு அப்போதுதான் புரிந்தது. மனை போனால் காரியக்காரர் அடுத்த வாரமே எங்களைக் கிளப்பிவிடுவார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். பிறகு முட்டியில் கையை ஊன்றி எழுந்தாள்.

"காரியக்காரரே, இவ்ளோ தூரம் வந்துட்டு இத மட்டும் பாக்காமப் போறீங்களே. கிட்ட வாங்க. இதுவும் சந்தையில வாங்கினதான்னு பாத்துச் சொல்லுங்க."

காரியக்காரர் முதல் தடவையாக எங்கள் தெருவுக்குள் வந்தார். குனிந்தார்.

"கிளி!" என்று அலறினார். "என் கிளி! சார், இது எங்க மூத்த பொண்ணு கல்யாணத்து மேற்கட்டி சார்! நானே கும்பகோணத்துல கடை கடையா ஏறி எறங்கி எடுத்தது சார்! நான் சுருட்டிட்டேன்னு என்னையச் சொன்னாங்க சார்! இத்தன வருஷமா அந்தம்மா என்னைய அப்படித்தான் பாக்குது! இந்தத் தெருப் பொம்பளைங்க அத்தன பேரையும் அந்தக் கோயில்ல நிக்க வச்சேன் சார்! தோ, இவ சூடத்த அணைச்சா! இவ அணைச்சா! அந்தக் கோடி வீட்டுக்காரி அணைச்சா! இவ ரெண்டு கையாலயும் அணைச்சா!"

ஆர்.ஐ. பேனாவைத் திறந்தார். "இது எப்ப நடந்தது?"

"இந்தப் பொண்ணு பொறக்கறதுக்கு மொத வாரம் சார்! இவ ஆத்தா நெறமாசமா நின்னா, அவளத்தான் விட்டோம்!"

ஆர்.ஐ. என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் தாவணியை இழுத்து விட்டுக்கொண்டு, முடிந்த மட்டும் உயரமாக நின்றேன்.

"அப்ப இந்தக் கோடி வீட்டம்மா அப்பவே இங்கதான் இருந்தாங்க?"

"இருந்தா சார்! வேற எங்க போவா?"

"இவங்க?"

"அவளுந்தான் சார்! பக்கத்து வீடு!"

ஒவ்வொரு வீடாகக் கேட்டார் ஆர்.ஐ., ஒவ்வொரு வீடாகக் கைகாட்டினார் காரியக்காரர். வரிசையில் யாருக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பது முதற்கொண்டு ஒன்றை விடவில்லை. அவமானப்பட்டவனுக்கு ஞாபகசக்தி அதிகம். கடைசி வீட்டுக்குக் கையை நீட்டியபோதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. கை அந்தரத்தில் நின்றது. ஆர்.ஐ. அந்த வீட்டையும் எழுதிக்கொண்டார்.

"சரி, துணிய யார் எடுத்தது?" என்றார்.

அம்மா ஓரடி முன்னால் வந்து, "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தவள், "ஆத்தாடி!" என்று துள்ளினாள்.

"என்னம்மா?"

"கட்டெறும்பு சார்" என்றாள் அத்தை. அவளுடைய குதிகால் அம்மாவின் பாதத்தின் மேல் இருந்தது. "துணிய நான்தான் எடுத்தேன். எழுதிக்கங்க."

மனை கிடைத்தது. எங்களுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே கிடைத்தது. அத்தை மேல் திருட்டுக் கேஸ் கொடுப்பேன் என்று காரியக்காரர் குதித்தார். கேஸ் கொடுத்தால் இந்தத் தெருவில் இன்ன வருஷம் குடியிருந்த இன்னவள் என்று அவர் கையாலேயே எழுத வேண்டும். மிராசுதார் அவரைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரு வார்த்தை பேசின, என் வீட்டையும் அவங்க பேர்லயே எழுதி வச்சிடுவ போலிருக்கு. வாய மூடிக்கிட்டு இரு" என்றாராம். பட்டா வந்த அன்று அப்பா செங்கொடிச் சங்கத்துக்கு ஜே போட்டார், மாமா ஆட்சிக்கு ஜே போட்டார். அத்தை, "கிளிக்கு ஒரு ஜே போடுங்கடா" என்றாள். போட்டார்கள்.

ஆனால் சும்மா கிடைத்ததா? அத்தைக்கு மாட்டுக்கொட்டகை வேலை போனது. பட்டா வாங்கிய அதே வாய்கள் அவளுக்குப் பந்தல்காரி என்று பேர் வைத்தன. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "பந்தல்காரி வந்துட்டா, மேல ஒரு கண்ணு வச்சுக்கங்க" என்று சிரிப்பார்கள். அவளும் முந்தானையை விரித்துக் காட்டி, "இன்னிக்கு எந்தப் பக்கம் கிழிக்கட்டும்?" என்பாள். அவள் சொல்லச் சொல்ல அந்தத் திருட்டு வளர்ந்தது. பந்தக்காலில் ஏறினாளாம், பல்லால் கிழித்தாளாம், சாணிக் கூடையில் சுருட்டி மிராசுதார் முன்னாலேயே கொண்டுவந்தாளாம். கேட்டவர்களுக்கு வயிறு வலிக்கும்.

வயசான காலத்தில் அவளுக்குக் கண்ணில் புரை விழுந்தது. சூடத்தை அணைத்துப் பொய்ச் சத்தியம் பண்ணினதற்கு அம்மன் கொடுத்த கூலி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் அப்போது டீச்சர் வேலையில் இருந்தேன். தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் பண்ணினோம். கண்ணில் கட்டோடு படுத்திருந்தவள், "எவ என்ன சொன்னாலும் சாமி என்னைய அப்படி நெனைக்காதுடி. அதுக்குத் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஊர் வாயை அடைத்த பொம்பளை அப்படிச் சொன்னது எனக்குச் சங்கடமாக இருந்தது. திருடினவள் சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாளே என்றுதான் நினைத்தேன், வேறொன்றும் தோன்றவில்லை.

அத்தை போன பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அம்மா போர்வையை எடுத்துப் போட்டு அத்தையின் சேலைத் துண்டைத் தைக்க உட்கார்ந்தாள். கிளிக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்தாள். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டே, "பாவம் அத்தை. திருடினாலும் ஒரு தெருவையே காப்பாத்துச்சு" என்றேன்.

"அவ எங்கடி திருடினா?" என்றாள் அம்மா. தலையை நிமிர்த்தவே இல்லை.

"என்னம்மா சொல்ற?"

"நான்தான் எடுத்தேன். வயித்துல நீ. இந்தத் தெருவுல பொறக்கற புள்ளைக்கெல்லாம் கந்தல்தானே சுத்துறது. ஒனக்காவது புதுசா ஒண்ணு இருக்கட்டுமேன்னு தோணுச்சு. அண்ணாந்து பாத்தேன், கிளி கிளியா இருந்துச்சு. பந்தல் பிரிக்கறப்ப ஒரு நீளத்த மடிச்சு வயித்துல கட்டிக்கிட்டேன். நெறமாச வயித்த எவன் சோதிப்பான்?"

வாயில்லாப் பூச்சி!

"அண்ணிக்குத் தெரியாது. சூடத்த அணைச்சுட்டு வந்த பொறவுதான் கண்டுபிடிச்சுச்சு. அப்புறம் ரெண்டு பேருமா போர்வைக்குள்ள வச்சுத் தச்சு மறைச்சோம். அது பண்ணுனது சத்தியமான சத்தியம். கேட்டவ எல்லாம் அதைப் பொய்யின்னாளுங்க" என்றாள் அம்மா.

"நீ ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"சொல்ல விட்டாளா? காலை மிதிச்சாளே, மகராசி! பொறவு எப்பக் கேட்டாலும், 'ஒனக்குத் தாங்காதுடி, எனக்கு வாய் இருக்கு, நான் சமாளிச்சுக்கறேன்'னு சொல்லிட்டா."

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். சாமி கும்பிட வந்திருந்த பெண்கள் எல்லோரும் பார்க்க, தட்டில் எரிந்த சூடத்தைக் கையால் அணைத்து, "கிளித் துணியத் திருடினது நான். எங்க அண்ணி பண்ணுனது பொய்ச் சத்தியமில்ல" என்றாள்.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஒருத்தி வந்து அம்மாவின் தோளைப் பிடித்து, "பாவம், நாத்தனா போன துக்கத்துல என்னமோ பேசுது. ஏய் டீச்சரு, ஆத்தாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். இன்னொருத்தி, "அந்தம்மா பந்தக்கால்ல ஏறுனத எங்க மாமியா கண்ணால பாத்துச்சாம்" என்றாள். அத்தை சொன்ன கதை அவ்வளவு நன்றாக இருந்தது. உண்மை அதன் முன்னால் நிற்க முடியவில்லை.

அம்மா தைதையென்று குதித்தாள். வாழ்நாள் பேச்சை எல்லாம் சேர்த்துப் பேசினாள். "நான் திருடினேன்டி! என்னையப் பாத்தா திருடத் தெரியாதவ மாதிரியா இருக்கு?" ஒருத்தியும் நம்பவில்லை. அன்று முதல் சாகும்வரை யார் வீட்டுக்கு வந்தாலும் அவள் அந்தத் திருட்டைச் சொன்னாள். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார்கள்.

கடைசி நாட்களில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "என் சேலையில ஒரு துண்டு வைப்பல்ல? அண்ணி துண்டுக்குப் பக்கத்துல வைக்காத. ஒரு சாண் தள்ளி வை. மேலயும் போயி என் காலை மிதிச்சு வாய அடைச்சிடப் போறா. அங்கயாவது நான் சொல்லணும்."

சரி என்றேன்.

சரி என்று சொன்னேனே தவிர, ஒட்டித்தான் தைத்தேன். கிளி, அதை ஒட்டி அத்தை, அத்தையை ஒட்டி அம்மா. இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மகள் போர்வைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அம்மாவின் துண்டையும் அத்தையின் துண்டையும் தடவிப் பார்த்தாள். "ஏம்மா ஆயா சொன்னத நீ கேக்கல?" என்றாள்.

"மிதிக்கட்டும்" என்றேன். "அந்தக் கால் மிதிச்ச எடத்துலதான் நம்ம வீடு நிக்குது."